வரிசையில் நின்றால் கொதிக்கும்

கார் திருத்துகிற தொழிலில் கையிலே பிடித்த கிறீஸைக் கழுவ மண்ணெண்ணெய் இருக்கிறது. சந்தேகத்தைக் கழுவ ஒன்றும் கிடையாது. வாகனம் கொண்டு வருகிறவர் எங்களைச் சந்தேகிப்பார். நாங்கள் அவரைச் சந்தேகிப்போம். பிறகு இரண்டு பேரும் ஒற்றுமையாகி, இதற்கு முன்னர் அதில் கைவைத்தவன் யார் என்று கேட்போம். பழைய கார் ஒன்றை வைத்து மாரடித்தவர்களுக்கும், அதன் பொனற்றுக்குள் தலையை விட்டே வயது போனவர்களுக்கும் இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டவர்கள்தான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கொழும்பில் வேலை செய்த கராஜை விட்டுவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். ஊருக்கு வந்து, வேலணை வங்களாவடிச் சந்திக்குக் கிட்ட ஒரு கிடுகுக் கொட்டில் போட்டேன். எனக்குக் கூட்டு யோசப்பு அண்ணை. ஊர்காவற்றுறை ஆள். றேடியேற்றர் ஓட்டைக்கு ஈயம் வைத்து ஒட்டுவதில் அவரைப்போல் இன்னொருவரை நான் கொழும்பிலும் காணவில்லை. நாள் முழுக்கப் பேசாமல் இருப்பார். பேசினால், பேசாமல் இருந்திருக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றும்.

தீவுக்குள் ஏது வாகன நெரிசல் என்று கேட்பீர்கள். ஓடுகிற இடத்தில் இல்லை, நிற்கிற இடத்தில் இருந்தது. பண்ணை வீதியில் படைக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றி, ஊர்காவற்றுறையில் காரைநகருக்கு வாகனம் ஏற்றிக் கடல் கடக்கிற, பாதை என்கிற மிதவை, திருவிழா நாளில் குறிகட்டுவான் இறங்குதுறை. மூன்று இடத்திலும் வெயிலுக்குள் வரிசை. ஓடுகிற காருக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கிற காருக்கு விசிறி ஒன்றுதான் துணை. அதனால் உள்ளுக்குள் இருக்கிற எந்தக் குறையும் வரிசையில் நிற்கும்போதுதான் வெளியே வரும்.

மாஸ்ரரின் கொப்பி

சிவபாதம் மாஸ்ரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய ஏ போட்டி என்கிற பழைய இங்கிலீசுக் கார் பத்து நிமிசம் நின்றால் ஆவி விட்டது. கொண்டுவந்து நிறுத்தியவர் ஒரு கதிரை கேட்டார். உட்காரத்தான் என்று கொடுத்தேன். அதை முன் சில்லுக்குப் பக்கத்தில் போட்டு, மடியில் ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டார். காரில் உள்ள சாமான்களின் பெயர் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. நான் ஒன்றைக் கழற்றினால் அதற்கு நேரே ஒரு புள்ளி. திரும்பப் பூட்டினால் ஒரு சரி. சில சாமான்களில் சிவப்பு மையால் அடையாளமும் போட்டிருந்தார். கொழும்பில் வேலை பழகினவன் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவான் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெர்மோஸ்ரற்றில்தான் சந்தேகம். எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை மறித்து வைத்து, சூடானதும் திறந்துவிடுகிற சின்ன வாசல் அது. கழற்றி, ஒரு தகரப் பேணித் தண்ணீருக்குள் போட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதித்தது, வாசல் திறக்கவில்லை. மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது கொதித்த தண்ணீர்தானா என்று கேட்டார். இன்னொரு முறை கொதிக்க வைத்துக் காட்டினேன். அப்போதும் திறக்கவில்லை. புதியது எடுப்பதென்றால் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வெயிலுக்கு இது இல்லாமலே ஓடலாம், கன பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள் என்று சொல்லி, அது இல்லாமல் பூட்டிவிட்டேன். அரை மணித்தியாலம் நின்ற இடத்தில் ஓடவிட்டோம். எஞ்சின் கொதிக்கவில்லை. மாஸ்ரர் மட்டும் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளிக்கு நேரே சரி விழாமல் இருந்தது. பழுதான சாமானைக் கைலேஞ்சியில் சுற்றிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

"உது தேவையில்லாத சாமான் எண்டால், வெள்ளைக்காரன் ஏன் தம்பி அதை மினக்கெட்டு வைச்சவன்?"

முள்ளு

சந்தியில் கடை வைத்திருந்த முதலாளியின் வான் கொதித்துக் கொதித்து எஞ்சினின் மேல்மூடியே வளைந்துபோய் வந்தது. ஆவி மேலே பறக்கிறது. உள்ளே சூடு காட்டுகிற முள்ளு மட்டும் அடியில் படுத்துக் கிடக்கிறது. பின்னால் கையை விட்டுப் பார்த்தால் வயர் அறுந்திருந்தது. தானாக அறுந்தது அல்ல. கத்தியால் நேராக வெட்டி, நுனிக்கு ரேப்பும் சுற்றியிருந்தது. சாரதியைக் கூப்பிட்டு நிற்க வைத்து விசாரித்தேன். அவன் அம்மாளாச்சி மேல் சத்தியம் பண்ணினான். எவ்வளவுக்கு எவ்வளவு சத்தியம் பண்ணினானோ அவ்வளவுக்கு எனக்குச் சந்தேகம் கூடியது. முதலாளி ஒரு பக்கமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாரதி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து எனக்குக் கிட்ட வந்தார்.

"அவனை விடும். முள்ளு மேலை ஏறுறதைப் பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சு இடிக்குது. அதுதான் வயரை வெட்டினனான்."

எந்தக் கிணறு

சரவணையில் இருந்து ஒரு அக்கா வந்தா. ஆசுபத்திரியில் நேர்ஸ். தம்பி வெளிநாட்டில் இருந்து அனுப்பி வாங்கின கார், தானே ஓட்டுவா. அந்த நாளில் தீவில் பெண் கார் ஓட்டினால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நின்று பார்ப்பார்கள். அவவுக்கு அது பழகியிருந்தது. பாதைக்குக் காத்து நிற்கிற வரிசையில் கார் கொதிக்கிறது என்று சொன்னா. றேடியேற்றரின் மூடியைத் திறந்து உள்ளே ஒரு விரலை விட்டேன். மணல் கடதாசி மாதிரிச் சொரசொரத்தது. எனக்கு விசயம் விளங்கிவிட்டது. விளங்கின சந்தோசத்தில், நிமிர்ந்தும் பாராமல் கேட்டேன்: "அக்கா, நீங்கள் எந்தக் கிணத்திலை தண்ணி அள்ளுறனீங்கள்?"

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா காரைக் கிளப்புகிற திறப்பைக் கையில் எடுத்துவிட்டா. முகம் கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று வைத்திருக்கிற ஊரில், ஆளின் சாதியை வாய் திறந்து கேட்காமல் அறிவதற்குக் கேட்கிற கேள்வி அது. கொழும்பில் பத்து வருசம் இருந்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. அக்காவுக்கு ஒரு நாளும் மறக்க வழியில்லை. கிணறு கேட்டு ஆளை அளக்கிற ஆக்களிடம் தான் வேலை கொடுப்பதில்லை என்று மெதுவாகச் சொன்னா.

நான் றேடியேற்றரைக் கழற்றி நிலத்தில் கவிழ்த்துத் தட்டினேன். வெள்ளைக் கல்லாக உப்பு கொட்டியது, ஒரு சிரட்டை நிறைய. உவர்ப்பான சவர்த் தண்ணீர் காய்ந்து குழாய்களை அடைத்திருக்கிறது. அந்தக் குழாய்க்குள்ளால் தண்ணீர் ஓட ஏலாது. சாட்டிக் கிணற்றில் அள்ளுகிற நல்ல தண்ணீர் விட்டால் இந்த உப்புப் பிடியாது. இதற்காகத்தான் கேட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. யோசப்பு அண்ணை குனிந்தபடி ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். அக்கா அந்த உப்பைக் காலால் ஒருக்கால் கிளறிப் பார்த்துவிட்டு, திறப்பை என்னிடம் நீட்டினா.

"அப்ப காருக்கும் சாதிக் கிணறுதான் கேக்குதோ, தம்பி?"

மஞ்சள்

நயினாதீவில் முறை வைத்துப் பூசை செய்கிற ஐயர் ஒருவர், கரைக்கு வந்தால் ஏறிப் போவதற்காகக் குறிகட்டுவானில் ஒரு கொட்டிலில் கார் விட்டிருந்தார். திருவிழாக் காலம். இறங்குதுறையில் இருந்து பின்னுக்கு வாகனம் அடைந்து கிடந்தது. அதற்கு நடுவில் தன்னுடைய கார் கொதித்து நிற்கிறது என்று பஸ் சாரதி மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினார். நான் ஸ்பானர்கள் கிடக்கிற ஆயுதப் பெட்டியோடு போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறிவிட்டது, ஐயர் ஆறவில்லை. றேடியேற்றரின் கீழ் அடைப்பைத் திறந்தேன். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியால் குத்தினேன். மஞ்சள் நிறத்தில், கூழ் பதத்தில், மணத்தோடு இறங்கியது.

ஐயர் இரண்டடி பின்னுக்குப் போனார். யாரோ செய்வினை செய்திருக்கிறார்கள் என்றார். முறைக்குப் போட்டியாக இருந்த ஒரு சொந்தக்காரரின் பெயரையும், கொட்டில் சொந்தக்காரனின் பெயரையும் என் காதுக்குள் சொன்னார். எனக்குச் செய்வினையில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேண்டுமென்று எவனோ கொட்டியிருக்கிறான் என்பதில் நம்பிக்கை இருந்தது. கொட்டில்காரனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக மறித்து நின்று கேட்டோம். பாவம், அந்த மனுசன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து, காருக்குள் இருந்து விசிறிக்கொண்டிருந்த ஐயரம்மா கதவைத் திறந்து இறங்கி வந்தா. போன கிழமை றேடியேற்றர் ஒழுகுது என்று ஐயர் கவலைப்பட்டாராம். மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று யாரோ அம்மாவுக்குச் சொன்னார்களாம். ஒரு கரண்டி போட்டாவாம், நிற்கவில்லையாம். பிறகு போத்தலில் இருந்த மிச்சம் முழுவதையும் போட்டாவாம். ஒழுகுவது நின்றது உண்மைதான். அதோடு தண்ணீர் ஓடுவதும் நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்த்துச் சொன்னா.

"முப்பது வருசமா நான் சமைச்சதிலை குறை சொல்லாத மனுசன், காருக்குப் போட்டதிலை செய்வினை கண்டுபிடிச்சிட்டார்."

பொனற்றுக்குள் என்ன

குணம் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டினவன். என் வயது. இந்தியப் படை நின்ற காலம் அது. தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்றுத் தொடங்கினதில் இருந்து அவனுடைய கார் கொதித்தது. அதுவும் ஒரு விசித்திரமான விதத்தில். யாழ்ப்பாணம் போகும்போது பண்ணைச் சென்றியில் நின்றால் கொதிக்கும். திரும்பி வரும்போது எவ்வளவு நேரம் நின்றாலும் கொதிக்காது. என் கொட்டிலில் விட்டு ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டாலும் கொதிக்காது. மூன்று கிழமையாகப் பார்த்தேன். குணம் பொய் சொல்கிறான், ஆட்களை அடைத்து ஏற்றுகிறான் என்று நான் நினைத்தேன். திரும்பத் திரும்ப வரட்டும் என்று நான்தான் ஏதோ குறையை உள்ளே விட்டு வைத்திருக்கிறேன் என்று அவன் நினைத்தான். கடைசியில், கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்று சொல்லி ஒரு நாள் காலையில் நானும் ஏறிக்கொண்டேன். பின் சீற்றில் யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குப் போகிற கந்தையா அப்புவும் அவருடைய மகளும். அப்புவுக்கு முதல் நாள் மத்தியானத்தில் இருந்து சலம் அடைத்து, சிறுநீர் ஒரு சொட்டும் போகவில்லை. வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. றோட்டில் கார் இறங்கி ஏறின ஒவ்வொரு கிடங்குக்கும் மகளின் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டு வந்தார். வாய் விட்டு முனகவில்லை.

சென்றியில் எங்களுக்கு முன்னால் லொறிகள் நின்றன. கால் மணித்தியாலம் ஆகவில்லை, குணம் சொன்னது சொன்னபடி நடந்தது. பொனற்றின் இரண்டு பக்கத்தாலும் ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது. துவக்கோடு மூன்று படைக்காரர் ஓடி வந்தார்கள். எல்லாரையும் இறங்கி ஒதுங்கச் சொல்லிச் சைகை. அப்புவால் நிற்க முடியவில்லை. மகள் தாங்கிக்கொண்டு நின்றா. பொனற்றைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். ஒருவன் துவக்கு நுனியால் றேடியேற்றரின் மூடியைக் காட்டி அதையும் திறக்கச் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். திறந்தால் கொதி தண்ணீர் முகத்தில் அடிக்கும். எனக்கு அவனுடைய பாசை தெரியாது, அவனுக்கு என்னுடையது தெரியாது. நான் மாட்டேன் என்றதும் அவன் முகம் மாறியது. உள்ளே எதையோ ஒளித்திருக்கிறேன் என்றுதான் அவன் நினைத்திருப்பான். அவனுடைய இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். துவக்கு என் பக்கம் திரும்பியது.

போட்டிருந்த சேட்டைக் கழற்றி மடித்து மூடியின் மேல் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சொட்டுத்தான் நெகிழ்த்தினேன். சீறின சீறலில் எல்லாரும் பின்னுக்குப் பாய்ந்தார்கள். உடனே இறுக்கிவிட்டுக் கையை உதறினேன். அந்தச் சத்தத்துக்குச் சென்றிக்குள் இருந்து வயது கூடின ஒருவர் வந்தார். காரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு தன்னுடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினார். மணிக்கட்டில் இருந்து மேலே வரைக்கும் பழைய சூட்டுத் தழும்பு. அவரும் வாகனக்காரன்தான். மற்றவர்களுக்கு ஏதோ சொன்னார், துவக்குகள் இறங்கின. ஒரு கான் தண்ணீர் எடுத்து வந்து, ஆறவிட்டு, எஞ்சினை ஓட வைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எங்கள் தொழில் தெரிந்தவன் மட்டும்தான் அப்படி ஊற்றுவான். அப்புவின் வயிற்றைப் பார்த்ததும் முன்னால் நின்ற லொறிகளை ஒதுக்கி எங்களை விட்டார். ஆசுபத்திரியில் குழாய் வைத்துச் சலம் எடுத்தார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் மகளிடம் சொன்னதை மகள் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து அப்பு தானே நடந்து கொட்டிலுக்கு வந்தார். குணத்தின் கார் அப்போதும் அங்கேதான் நின்றது. அதைச் சுற்றி ஒருக்கால் வந்து பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஒரு குழாய் வைச்சுத்தான் சரிவந்தது, உதுக்கும் ஒண்டு வைச்சுப் பாருமன்."

விசிறி

அன்றைக்குச் சென்றியில் நின்றபோது ஒன்றைக் கவனித்திருந்தேன். கழற்றிய சேட்டைக் கையில் பிடித்தபோது அது முன்பக்கமாக, யாழ்ப்பாணத்தைப் பார்த்துப் பறந்தது. சோளகம் எங்களுக்குப் பின்னால் இருந்து அடித்தது. எஞ்சின் சூட்டையெல்லாம் காற்று முன்னுக்குத் தள்ளி றேடியேற்றரிலேயே போட்டது. திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், குளிரும். என் கொட்டிலில் கார் நின்றதும் தென்மேற்கைப் பார்த்து, அங்கேயும் காற்று முகத்தில்தான். குணம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வரிசையில் நின்ற மற்றக் கார்கள் கொதிக்கவில்லையே. பின்காற்றை எதிர்த்து இழுக்க முடியாத விசிறி குணத்தின் காரில் மட்டும் ஏன்? பெல்ற்றைப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. விசிறித் தகடுகளை எண்ணினேன், எல்லாம் இருந்தன. மலிவான விசிறி மாட்டிவிட்டான் என்று குணத்தை இன்னொருக்கால் சந்தேகித்தேன்.

யோசப்பு அண்ணை ஒரு நாள் தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தார். தகடு வளைந்திருக்கிற பக்கத்தை விரலால் தடவினார். விசிறி முன்பின்னாக மாறிப் பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். யார் பூட்டியது என்று அவர் கேட்கவில்லை. சோளகத்துக்கு முன்னர் அந்தக் காருக்குத் தண்ணீர்ப் பம்ப் மாற்றியது நான். விசிறியைக் கழற்றித் திரும்பப் பூட்டியதும் நான். மாறிப் பூட்டினாலும் சுற்றும், காற்றும் வரும், ஆனால் பாதிக் காற்றுத்தான் வரும். நாலு திருகாணிகளைக் கழற்றித் திருப்பிப் போட ஒரு பத்து நிமிசம் எடுத்தது. அந்தப் பத்து நிமிசமும் துவக்குக்கு முன்னால் நின்ற அப்புவின் முகம்தான் எனக்குள் நின்றது. பேசாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. யோசப்பு அண்ணை சொல்லமாட்டார். இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள், திருத்தின காரை எடுத்துப் போயிருந்த குணம் வந்தான். காலையில் சென்றியில் முக்கால் மணித்தியாலம் நின்றும் கொதிக்கவில்லையாம். என்ன செய்தீர், எந்தச் சாமானை மாற்றினீர் என்று கேட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப் மாற்றினது, விசிறியை மாறிப் பூட்டினது, அவனைப் பொய்யன் என்று நினைத்தது, எல்லாம். அவன் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டு ஈயம் உருக்கிக்கொண்டிருந்த யோசப்பு அண்ணையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, என் காதுக்குக் கிட்ட வந்து கேட்டான்.

"சும்மா கதை விடாதையும். அந்தாளைக் காப்பாத்தத்தானே நீர் பழியை ஏக்கிறீர்?"

இவ்வளவு காலமும் இந்தத் தொழிலில் நான் கண்டது என்னவென்றால், பொய்யைச் சொன்னால் அப்படியே கொண்டு போகிறவர்கள், உண்மையைச் சொன்னால் மட்டும் அதையும் கழற்றிக் காட்டு என்று நிற்பார்கள்.